மவுஸ் நகர்ந்தது, கேமரா பேசவில்லை: நெட்வொர்க் கேபிள் வழியே யூஎஸ்பியை நீட்டிய ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த வேலை

விரிவுரைக் கூடம் ஒன்றின் மேடைக்கு எதிரே, கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு கேமராவைப் பொருத்தி, அதன் படத்தைக் கூடத்தின் பின்பக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டு அறைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும் என்பதே எங்களிடம் வந்த வேலை. அதே இடத்தில் இன்னொரு சிறு பொருளும் இருக்க வேண்டியிருந்தது. பேச்சாளர் கையில் வைத்து ஸ்லைடுகளை மாற்றும் கம்பியில்லா ரிமோட்டின் ரிசீவர் அது. அந்த ரிமோட்டின் அலை கட்டுப்பாட்டு அறையின் சுவரைத் தாண்டி வராததால், ரிசீவரை மேடைப் பக்கம் கொண்டுபோவது தவிர வேறு வழியில்லை.

கேமரா, ரிசீவர் இரண்டுமே யூஎஸ்பி கருவிகள். பொய்க்கூரைக்கு மேலும் சுவர்க் குழாய்களுக்கு உள்ளும் கேபிள் செல்லும் பாதையை அளந்தபோது 42 மீட்டர் வந்தது. யூஎஸ்பி 2.0 கேபிளின் உச்ச நீளமோ 5 மீட்டர். ஆனால் அந்தப் பாதையில் முன்பே இழுத்து வைத்து, பயன்படுத்தாமல் விட்டிருந்த கேட் 5இ நெட்வொர்க் கேபிள் ஒன்று இருந்தது. எட்டு செப்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு முறுக்கிணைகளாகக் காத்துக்கொண்டிருக்கும்போது, யூஎஸ்பிக்குத் தேவையானவை நான்கே கம்பிகள்தானே என்ற எண்ணம் எவருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது.

முதல் முயற்சி

ஒரு பக்கம் யூஎஸ்பி முனையும் மறுபக்கம் நெட்வொர்க் கேபிளைச் செருகும் ஆர்ஜே-45 துளையும் கொண்ட, உள்ளே எந்த மின்சுற்றும் இல்லாத இணைப்பான்கள் சோடியாகக் கிடைக்கின்றன. இவை கம்பியைக் கம்பியோடு சேர்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. அப்படி ஒரு சோடியைக் கேபிளின் இரு முனைகளிலும் செருகி, கருவிப் பெட்டியில் எப்போதும் கிடக்கும் பழைய மவுஸ் ஒன்றை மேடைப் பக்கத்தில் இணைத்துப் பார்த்தோம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அம்புக்குறி தடையின்றி நகர்ந்தது. ரிசீவரைச் செருகினோம், ஸ்லைடுகள் மாறின. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கேமராவைக் கூரையில் பொருத்திவிட்டுத்தான் அதை இணைத்தோம். இந்த வரிசை தவறு என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

கேமராவின் விளக்கு எரிந்தது, அணைந்தது, மீண்டும் எரிந்தது. கணினியின் கெர்னல் பதிவில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதும் நிகழ்வுக் குறிப்பில், புதிய கருவி ஒன்று வந்ததாக ஒரு வரியும், அதன் விவரக் குறிப்பைப் படிக்க முடியவில்லை என்று அடுத்த வரியும் மாறி மாறி ஏறிக்கொண்டிருந்தன. லினக்ஸ் இத்தகைய இடங்களில் காட்டும் பிழை எண்களில் 110 என்பது காத்திருந்து காலம் கடந்ததையும், 71 என்பது வந்த பதில் நெறிமுறைக்குப் பொருந்தாததையும் குறிக்கும். எங்கள் பதிவில் இரண்டும் கலந்து இருந்தன. கேபிளின் தரம் போதவில்லை என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டு, தடித்த கம்பியுள்ள வேறு கேபிளை இழுப்பது பற்றிப் பேசத் தொடங்கினோம். நல்லவேளையாக, ஏணியை எடுப்பதற்கு முன் ஒருவர் மின்னழுத்தத்தை அளந்து பார்க்கச் சொன்னார்.

மின்னழுத்தக் கணக்கு

யூஎஸ்பி முனைகளுக்கு இடையே செருகி மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் காட்டும் சிறு மீட்டரை மேடைப் பக்கத்தில் வைத்தோம். எதுவும் இணைக்காதபோது 5 வோல்ட் காட்டியது. மவுஸை இணைத்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். கேமரா இயங்க முயலும் ஒவ்வொரு முறையும் அது 3.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்து, கேமரா துவண்டு விட்டதும் மறுபடி 5க்கு ஏறியது. விளக்கு எரிந்து அணைந்ததன் காரணம் இதுதான்.

இணைப்பானைத் திறந்து பார்த்தபோது தரவுக்கு ஒரு முறுக்கிணையும், 5 வோல்ட்டுக்கு இரண்டு கம்பிகளும், தரைக்கம்பிக்கு இரண்டு கம்பிகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. நான்காவது இணை எதனுடனும் சேர்க்கப்படவில்லை. கேட் 5இ கேபிளில் வழக்கமாக உள்ள 24 கேஜ் செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.084 ஓம். 42 மீட்டருக்கு ஒரு கம்பி 3.5 ஓம், இரண்டு கம்பிகள் இணையாகச் சேரும்போது 1.77 ஓம், போகவும் வரவும் சேர்த்து 3.5 ஓம். ரிசீவர் போன்ற கருவி 50 மில்லிஆம்பியர் எடுத்தால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. யூஎஸ்பி 2.0 அனுமதிக்கும் உச்ச அளவான 500 மில்லிஆம்பியரைக் கேமரா கேட்டால் இழப்பு 1.77 வோல்ட். மீதம் 3.2 வோல்ட்டே நிற்கும். கேமராவுக்குள் இருக்கும் மின்னழுத்த மாற்றிச் சுற்று, அழுத்தம் குறையக் குறைய அதிக மின்னோட்டத்தை இழுத்து ஈடுகட்டப் பார்க்கும் வகையாக இருந்தால், இழப்பு இன்னும் பெருகும்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு கூறு உண்டு. அந்த 1.77 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 0.88 வோல்ட், தரைக்கம்பியில் இழக்கப்படுகிறது. ஆகவே கேமரா தன் பூச்சியம் என்று கருதும் புள்ளி கணினியின் பூச்சியத்தைவிட 0.88 வோல்ட் உயர்ந்து நிற்கிறது. யூஎஸ்பியின் இரண்டு தரவுக் கம்பிகளும் ஒன்றுக்கொன்று எதிராக இயங்குபவை என்பதால் இந்த உயர்வு பொருட்டல்ல என்று தோன்றலாம். ஆனால் 12 மெகாபிட் வேகத்திலும் அதற்குக் கீழும், ஒரு செய்தித் துண்டு முடிந்தது என்பதை அறிவிக்க இரண்டு கம்பிகளையும் ஒருசேரப் பூச்சியத்துக்கு இறக்குவதே யூஎஸ்பியின் வழக்கம். அந்தப் பூச்சியத்தைத் தரையை வைத்தே அளக்கிறார்கள், 0.8 வோல்ட்டுக்கு மேல் போனால் அதைப் பூச்சியமாக ஏற்க வேண்டியதில்லை என்கிறது விதி. புதிதாக இணைந்த எந்தக் கருவியும், பின்னர் எவ்வளவு வேகத்தில் பேசப்போவதாக இருந்தாலும், தொடக்கத்தில் இந்த மெதுவான நிலையிலிருந்துதான் ஏறிச் செல்ல வேண்டும். மின்சாரம் எடுக்கும் கம்பியே செய்தியையும் குழப்புகிறது என்று இதைச் சொல்லலாம்.

பயன்படாமல் இருந்த நான்காவது இணையையும் மின்சாரத்துக்குச் சேர்த்துப் பார்க்கலாமே என்ற யோசனை எழுந்தது. கணக்கிட்டால் இழப்பு 1.2 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைகிறது, அவ்வளவே. செப்புக்குப் பதிலாகச் செப்புப் பூசிய அலுமினியக் கம்பி உள்ள கேபிளாக இருந்திருந்தால், அலுமினியத்தின் மின்தடை செப்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் என்பதால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். மேடைப் பக்கத்திலேயே மின்சாரம் கொடுப்பதுதான் சரியான வழி என்று முடிவு செய்தோம்.

ஹப் வைத்தபின் நேர்ந்தது

தனி அடாப்டரில் இயங்கும் யூஎஸ்பி 2.0 ஹப் ஒன்றை, அதாவது ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டியை, மேடைப் பக்கத்தில் வைத்து, கேமராவையும் ரிசீவரையும் அதில் செருகினோம். மீட்டர் 5 வோல்ட்டில் அசையாமல் நின்றது. ஆனால் கேமரா வரவில்லை என்பதோடு, அதுவரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ரிசீவரும் நின்றுபோனது. சோதனைக்காக மவுஸைச் செருகினால் அதுவும் நகரவில்லை. ஒரு குறையைத் தீர்த்ததும் எல்லாமே கெட்டுப்போனது எங்களைத் திகைக்க வைத்தது. இந்த வேலையில் நாங்கள் உருப்படியாகக் கற்ற பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

யூஎஸ்பி 2.0 என்று ஒரே பெயரில் மூன்று வேகங்கள் இருக்கின்றன. பழைய மவுஸ்களும் விசைப்பலகைகளும் நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்திலும், ரிசீவர் போன்றவை 12 மெகாபிட்டிலும், கேமராவும் ஹப்பும் 480 மெகாபிட்டிலும் பேசுகின்றன. முதல் இரண்டு வேகங்களில் கம்பியில் ஓடும் சைகையின் உயரம் 3 வோல்ட்டை ஒட்டியது. 480 மெகாபிட்டில் அது 400 மில்லிவோல்ட் மட்டுமே, அதாவது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. நாங்கள் ஹப்பை வைத்ததன் மூலம், 42 மீட்டர் கம்பியில் இதுவரை ஓடிக்கொண்டிருந்த உரத்த, மெதுவான பேச்சை அகற்றிவிட்டு, மெலிந்த, வேகமான பேச்சை ஓடச் செய்திருந்தோம். மவுஸும் ரிசீவரும் தங்கள் வேகத்தில்தான் இருந்தன. அவற்றின் செய்தியை ஹப் வாங்கி 480 மெகாபிட்டில் மேலே அனுப்ப முயன்றதால் அவையும் சேர்ந்து மூழ்கின.

கணக்கு இதை உறுதிப்படுத்தியது. கேட் 5இ கேபிள் 100 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் வரையறுக்கப்பட்டது. அந்த அலைவெண்ணில் 100 மீட்டருக்கு 22 டெசிபெல் வரை இழப்பை அது அனுமதிக்கிறது. 480 மெகாபிட் சைகையில் பிட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறும்போது அலைவெண் 240 மெகாஹெர்ட்ஸ். இழப்பு அலைவெண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது என்று கொண்டால், 240 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு சுமார் 34 டெசிபெல். 42 மீட்டருக்கு 14 டெசிபெல்லுக்குச் சற்று மேல். புறப்பட்ட 400 மில்லிவோல்ட் மறுமுனையில் 80 மில்லிவோல்ட்டுக்கும் கீழே வந்து சேர்கிறது. யூஎஸ்பி 2.0 விதியோ, 100 மில்லிவோல்ட்டும் அதற்குக் கீழும் உள்ள எதையும் இரைச்சல் என்று ஒதுக்கிக் கம்பியில் எவரும் பேசவில்லை என்றே கொள்ளச் சொல்கிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு செய்தித் துண்டின் தலைப்பிலும் கேட்பவர் தாளம் பிடிப்பதற்காக வைக்கப்படும் பகுதி, ஒன்றுவிட்டு ஒன்று மாறும் பிட்டுகளால் ஆனது. அதாவது மிகுதியாகத் தேய்ந்துபோகும் அதே 240 மெகாஹெர்ட்ஸ். எனவே பேச்சு தெளிவாகக் கேட்காமல் போகவில்லை, தொடங்கியதே கேட்கவில்லை.

அப்படியானால் ஹப் அங்கே இருப்பதைக் கணினி எப்படி அறிந்தது என்ற கேள்வி எழும். கெர்னல் பதிவில் அதிவேகக் கருவி வந்ததாகத்தானே இருந்தது. 480 மெகாபிட்டில் பேசத் தெரிந்த கருவி, தான் அப்படிப்பட்டது என்பதை சிர்ப் என்று அழைக்கப்படும் அறிமுகச் சைகையால் சொல்கிறது. கணினி அதற்கு மாறி மாறிச் சைகை காட்டி ஒப்புக்கொள்கிறது. அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் 40 முதல் 60 மைக்ரோநொடி நீடிப்பவை. உண்மையான தரவில் ஒரு பிட்டின் காலம் 2 நானோநொடியைச் சற்றே தாண்டுவது. அவ்வளவு நிதானமான சைகையை 42 மீட்டர் கேபிள் பெரிதாகத் தேய்ப்பதில்லை. ஆகவே வணக்கம் இரு பக்கமும் தெளிவாகக் கேட்டது. உயர்ந்த வேகத்தில் பேசுவதென்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பின் ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழவே இல்லை. வந்தது என்று ஒரு வரியும் படிக்க முடியவில்லை என்று ஒரு வரியும் ஏறியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஊகத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. 12 மெகாபிட்டுக்கு மேல் பேசத் தெரியாத, யூஎஸ்பி 1.1 காலத்து ஹப் ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. அதற்கும் தனி அடாப்டர் உண்டு. புதிய ஹப்பை எடுத்துவிட்டு அதை வைத்ததும் ரிசீவரும் மவுஸும் உடனே வந்தன. கேமராவும் முதல்முறையாகத் தன் பெயரைச் சொன்னது. படம் மட்டும் நொடிக்கு ஒன்றிரண்டாகத் தத்தித் தத்தி வந்தது. அதே கேபிள், அதே இணைப்பான். மாறியது வேகம் ஒன்றுதான். புதிய கேபிள் வாங்கும் பேச்சு அன்றோடு நின்றது.

ஐந்து மீட்டர் எங்கிருந்து வந்தது

சைகை தேய்வதால்தான் 5 மீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த எண்ணின் பிறப்பு உண்மையில் காலக் கணக்கில் இருக்கிறது. யூஎஸ்பியில் கணினி கேட்டால்தான் கருவி பேசும். கேட்டபின் குறிப்பிட்ட காலத்துக்குள் பதில் தொடங்காவிட்டால் கணினி அதைப் பதிலின்மை என்று எழுதிக்கொள்ளும். 12 மெகாபிட்டில் அந்தக் கெடு 16 முதல் 18 பிட் காலம், அதாவது குறைந்தபட்சம் 1.33 மைக்ரோநொடி. 480 மெகாபிட்டில் 736 முதல் 816 பிட் காலம், குறைந்தபட்சம் 1.53 மைக்ரோநொடி. கருவிக்கும் கணினிக்கும் நடுவே ஐந்து ஹப்புகள் வரிசையாக இருந்தாலும் இந்தக் கெடு தவறக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு கேபிளுக்கும் ஒருவழித் தாமதம் 26 நானோநொடிக்கு மேல் ஆகக்கூடாது என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். மீட்டருக்கு 5.2 நானோநொடி என்று கொண்டால் அது 5 மீட்டர். இப்படி ஆறு கேபிள்களும் ஐந்து ஹப்புகளுமாக 30 மீட்டர் வரை விதிக்குட்பட்டே போகலாம். பொய்க்கூரைக்குள் ஐந்து ஹப்புகளைத் தொங்கவிட்டுப் பராமரிக்க எங்களுக்கு மனமில்லை; எப்படியும் 30 மீட்டர் எங்களுக்குப் போதாது.

நாங்கள் பயன்படுத்தியதோ ஒரே ஹப். மற்ற ஹப்புகளுக்கு ஒதுக்கப்பட்ட காலம் முழுவதும் செலவாகாமல் மிஞ்சியிருந்தது. 42 மீட்டர் நெட்வொர்க் கேபிளில் போய்வர ஆகும் காலம் சுமார் 420 நானோநொடி. 480 மெகாபிட்டில் கருவி எடுத்துக்கொள்ளக்கூடிய உச்சமான 400 நானோநொடியையும், ஒரு ஹப்பின் இருவழித் தாமதமான சுமார் 160 நானோநொடியையும் கூட்டினாலும் ஒரு மைக்ரோநொடியைத் தாண்டவில்லை. ஆக எங்கள் கூடத்தில் காலம் குற்றவாளி அல்ல. முதலில் மின்னழுத்தமும் அடுத்துச் சைகையின் உயரமும்தான்.

இந்தப் பின்னணியில் மவுஸ் ஏன் தவறான சாட்சி என்பது விளங்கும். 1.5 மெகாபிட்டில் ஒரு பிட்டின் காலமே 667 நானோநொடி. 16 பிட் காலம் என்றால் 10 மைக்ரோநொடிக்கு மேல். அது எடுக்கும் மின்னோட்டம் சொற்பம், அதன் சைகை உயரமானது, அதற்குக் கிடைக்கும் கெடுவோ நீண்டது. மின்னழுத்தம், சைகை, காலம் ஆகிய மூன்று கணக்குகளிலும் மிகக் குறைவாகச் செலவழிக்கும் ஒரு கருவியை வைத்து, மூன்றிலும் மிகுதியாகச் செலவழிக்கும் கருவிக்குப் பாதை தயார் என்று முடிவுகட்டினோம்.

இரண்டு பெட்டிகள்

கேமராவுக்குத் தீர்வு, உள்ளே மின்சுற்றுள்ள எக்ஸ்டெண்டர். கணினிப் பக்கம் ஒரு பெட்டி, கருவிப் பக்கம் ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே ஓடுவது யூஎஸ்பி சைகையே அல்ல. நெட்வொர்க் கேபிளுக்கு ஏற்ற வேறு வகைச் சைகையாக அது மாற்றப்படுகிறது. கணினிக்கு இந்தச் சோடி ஒரு ஹப்பைப் போலத் தோன்றுகிறது. காலக்கெடுவை இது சமாளிக்கும் விதம் நயமானது. கணினி ஒரு தரவைக் கேட்கும்போது, அது இன்னும் தொலைவிலிருந்து வந்து சேரவில்லை என்றால், இப்பக்கப் பெட்டி கருவியின் சார்பில் ‘இப்போது தயாராக இல்லை’ என்று கெடுவுக்குள் பதில் சொல்லிவிடுகிறது. இது யூஎஸ்பி விதியே அனுமதிக்கும் பதில் என்பதால் கணினி சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கிறது. அதற்குள் தரவு வந்து பெட்டியில் காத்திருக்கிறது. கேமரா, மைக் போன்றவை பயன்படுத்தும், சீரான இடைவெளியில் தரவு ஓடிக்கொண்டே இருக்கும் ஐசோக்ரோனஸ் வகைப் பரிமாற்றத்தில் இப்படித் தவணை சொல்ல இடமில்லை. அங்கே முதலில் வெறும் துண்டைக் கொடுத்துவிட்டு, உரிய தரவை அடுத்த சுற்றில் கொடுக்கும் உத்தி கையாளப்படுகிறது. எல்லா எக்ஸ்டெண்டர்களும் இதைச் செய்வதில்லை என்பதால், வாங்கும்போது ஐசோக்ரோனஸ் ஆதரவு உண்டா என்று தனியே பார்க்க வேண்டும்.

நாங்கள் முதலில் வாங்கியது வேறொரு வகையில் ஏமாற்றியது. பெட்டியின் மேல் யூஎஸ்பி 2.0 உடன் இணக்கமானது என்று அச்சிட்டிருந்தது. கருவிப் பட்டியலைப் பார்த்தால் கேமரா 12 மெகாபிட்டில் இணைந்திருந்தது. 12 மெகாபிட்டும் யூஎஸ்பி 2.0 விதியில் அடங்கியதே என்பதால் அந்த வாசகம் பொய்யென்று சொல்ல முடியாது. அந்த வேகத்தில் ஐசோக்ரோனஸ் பரிமாற்றம் ஒரு மில்லிநொடிக்கு 1023 பைட்டுக்கு மேல் போகாது. 640க்கு 480 அளவுள்ள, சுருக்கப்படாத ஒரு படத்துக்கே 6,14,400 பைட் வேண்டும். நொடிக்கு இரண்டு படம்கூடத் தேறாது. தூசி படிந்த ஹப் முன்பு இலவசமாகக் காட்டிய அதே தத்தலை இப்போது காசு கொடுத்துப் பார்த்தோம். பெட்டியின் மேல் 480 என்ற எண்ணை வெளிப்படையாகக் குறிப்பிடாத எதையும் இனி வாங்குவதில்லை.

480 மெகாபிட்டை உண்மையாகவே கடத்தும் இரண்டாவது சோடி வந்ததும், அதன் இணைப்பு விளக்கே எரியவில்லை. நாங்கள் நேர்க்கேபிள் என்று நம்பியது இடையில் பேட்ச் பேனல் எனப்படும், கேபிள்கள் வந்து சேரும் துளைப் பலகை வழியாகச் சென்று, சோதனைகள் முடிந்தபின் வேறொருவர் கையால் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றில் செருகப்பட்டிருந்தது. இந்த வகை எக்ஸ்டெண்டர் நெட்வொர்க் கேபிளைப் பயன்படுத்துகிறதே தவிர நெட்வொர்க்கைப் பயன்படுத்துவதில்லை. நடுவில் ஸ்விட்ச் இருந்தால் அதற்கு இவர்கள் மொழி புரியாது. பேனலில் இரண்டு துளைகளையும் நேராகச் சேர்த்ததும் விளக்கு எரிந்தது. மின்சுற்றில்லாத பழைய இணைப்பான்கள் செருகியிருந்த நாட்களில் இந்த மாற்றம் நடக்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். கேபிள் வழியே மின்சாரம் தரும் ஸ்விட்சுகளில், தர விதிகளைப் பின்பற்றுபவை மறுமுனையில் 25 கிலோஓம் அடையாளத் தடை இருக்கிறதா என்று சோதித்த பிறகே மின்சாரம் தரும். சோதிக்காமல் எந்நேரமும் 24 வோல்ட்டைக் கம்பியில் விடும் வகைகளும் உள்ளன. அப்படி ஒன்று கணினியின் யூஎஸ்பி துளையை அடைந்திருந்தால் இந்த ஆய்வின் நடை வேறாக இருந்திருக்கும்.

படம் இப்போது வந்தது. ஆயினும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உடைந்து, உறைந்து, மீண்டது. எட்டு விளக்குகளும் வரிசையாக எரியும் சாதாரண கேபிள் டெஸ்டரில் குறையேதும் தெரியவில்லை. ஆர்ஜே-45 முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கேபிளை முதலில் இழுத்தவர், முறுக்கிணைகளை 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடுத்தடுத்து வைத்து இரு முனைகளையும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்திருந்தார், அதாவது அழுத்திப் பொருத்தியிருந்தார். நெட்வொர்க் முறைப்படி 3ம் 6ம் ஓர் இணை, 4ம் 5ம் ஓர் இணை. அவர் வைத்த வரிசையில் 3-6 வழியே போகும் சைகை இரண்டு வெவ்வேறு முறுக்கிணைகளின் ஒவ்வொரு கம்பியில் பயணம் செய்தது. முறுக்கு இருந்தும் அதன் பயன், அதாவது வெளி இரைச்சலை இரு கம்பியிலும் சமமாக வாங்கிக் கழித்துவிடும் தன்மை, இல்லாமல் போனது. கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்டருக்கு இது ஒருபோதும் தெரியாது. முனைகளை வெட்டி, டி568பி எனப்படும் அந்த நெட்வொர்க் முறை வரிசையில் மறுபடி கிரிம்ப் செய்த பிறகு படம் உடையவில்லை.

கேமராவை 1280க்கு 720 அளவில், நொடிக்கு 30 படம் என்று, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சுருக்கும் எம்ஜேபெக் முறையோடு வைத்தோம். அதே அளவைச் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு 5.5 கோடி பைட்டுக்கு மேல் வேண்டும். 480 மெகாபிட்டில் ஓர் ஐசோக்ரோனஸ் பாதை தரக்கூடிய உச்சம் 2.4 கோடியைச் சற்றுத் தாண்டுவதே. இது எக்ஸ்டெண்டரின் குறையல்ல. 1 மீட்டர் கேபிளிலும் இதே எல்லைதான்.

90 மீட்டரில் வந்த இரண்டாம் வேலை

முதல் கூடம் ஒழுங்கானதும், அடுத்த கட்டடத்தில் உள்ள இன்னொரு கூடத்தையும் அதே கட்டுப்பாட்டு அறையோடு சேர்க்கச் சொன்னார்கள். பாதை 90 மீட்டர். இங்கே காலம் தன் முறைக்கு வந்து நின்றது. போய்வர 900 நானோநொடி. 12 மெகாபிட் கருவி ஒன்று பதில் தொடங்க 6.5 பிட் காலம், அதாவது 540 நானோநொடி வரை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது, 1.33 மைக்ரோநொடிக் கெடுவில் அது போக மிஞ்சுவது 790 நானோநொடியே. ஆகவே மின்சாரமும் சைகையும் சரியாக இருந்தாலும், சாவகாசமாகப் பதில் சொல்லும் ரிசீவர் தோற்கும். சுறுசுறுப்பாகப் பதில் சொல்லும் ரிசீவர் பிழைக்கும். ஒரே நீளக் கேபிளில் ஒருவருக்கு வேலை செய்தது மற்றவருக்குச் செய்யாமல் போவதன் மர்மம் பலமுறை இவ்வளவுதான்.

100 மீட்டர் வரை செல்லும் எக்ஸ்டெண்டர்கள் இருப்பதால் அதே வழியை மீண்டும் பின்பற்றியிருக்கலாம். ஆனால் இரண்டு கட்டடங்களும் வெவ்வேறு மின் இணைப்பில் இயங்கின. அவற்றின் தரை அழுத்தங்கள் ஒன்றாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. மின்சுற்றில்லாத இணைப்பான் இரு கட்டடங்களின் தரையையும் ஒரு மெல்லிய கம்பியால் கட்டிப்போடும்; அதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். கட்டடங்களுக்கு நடுவே ஏற்கெனவே ஒளியிழையில் நெட்வொர்க் ஓடிக்கொண்டிருந்ததால், அதையே பயன்படுத்துவது என்று முடிவாயிற்று.

இங்கே நாங்கள் யூஎஸ்பியை நீட்டவே இல்லை. கேமராவின் அருகில் ஒரு சிறிய லினக்ஸ் கணினியை வைத்து, 1 மீட்டர் கேபிளில் கேமராவை அதனோடு இணைத்தோம். அந்தக் கணினி படத்தைச் சுருக்கி நெட்வொர்க் வழியே அனுப்புகிறது. கட்டுப்பாட்டு அறை அதை வீடியோ ஓடையாகவே பெற்றுப் பதிவு செய்கிறது. கேமராவைப் பொறுத்தவரை இதுவே முதல் கூடத்திலும் நேர்த்தியான வழியாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. யூஎஸ்பி கருவியாகவே கணினிக்குத் தோன்ற வேண்டிய கட்டாயம் இல்லாத எதையும் 42 மீட்டர் இழுத்துவந்து யூஎஸ்பி துளையில் செருக வேண்டியதில்லை.

ரிசீவருக்கு அந்தக் கட்டாயம் உண்டு. அதற்கு யூஎஸ்பி/ஐபி பொருந்தியது. டக்காஹிரோ ஹிரோஃபுச்சி முதலியோர் 2005ல் வெளியிட்ட ஆய்வில் விவரிக்கப்பட்ட இம்முறை, 2014ல் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 3.17ல் சோதனைப் பகுதியிலிருந்து முதன்மைப் பகுதிக்கு வந்தது. கம்பியில் ஓடும் சைகையை இது தொடுவதில்லை. இயங்குதளத்தின் உள்ளே யூஎஸ்பி கட்டுப்படுத்திக்கு அனுப்பப்படும் கோரிக்கைகளை எடுத்து, டிசிபி இணைப்பு வழியாக 3240 என்ற போர்ட்டில் மறுகணினிக்கு அனுப்புகிறது. மைக்ரோநொடிக் கெடு கேமராப் பக்கக் கணினிக்கும் ரிசீவருக்கும் இடையிலேயே தீர்ந்துவிடுவதால், நடுவில் எத்தனை ஸ்விட்சுகள் இருந்தாலும் கவலையில்லை. ஸ்லைடு மாறுவதில் கண்ணுக்குத் தெரியும் தாமதம் எதுவும் இல்லை.

இதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. ஒரு கருவி ஒரு நேரத்தில் ஒரே கணினிக்குத்தான் சொந்தம். நெறிமுறையில் மறையாக்கம் இல்லை என்பதால், பொது நெட்வொர்க்கில் விடாமல் இதற்கென ஒரு விஎல்ஏஎன், அதாவது அதே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி, ஒதுக்கினோம். ரிசீவரை எவராவது பிடுங்கிச் செருகினாலும், இரண்டு கணினிகளில் ஒன்று மறுதொடக்கம் ஆனாலும் பிணைப்பு அறுந்துவிடும், தானாக மீளாது. முதல் வாரத்தில் இரண்டு முறை விரிவுரை தொடங்கும் நேரத்தில் இப்படி ஆனது. ரிசீவர் தோன்றியவுடன் அதைப் பிணைக்கும் விதி ஒன்றையும், கட்டுப்பாட்டு அறைப் பக்கத்தில் 10 நொடிக்கு ஒருமுறை இணைப்பைப் பார்த்து அறுந்திருந்தால் சேர்க்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றையும் எழுதி வைத்தபின் அந்தத் தொல்லை இல்லை.

கருவிப் பெட்டியில் இப்போது 480 மெகாபிட்டில் பேசும் பென்டிரைவ் ஒன்றும், மின்னழுத்த மீட்டரும், தூசி துடைக்கப்பட்ட யூஎஸ்பி 1.1 ஹப்பும் இருக்கின்றன. மவுஸ் கட்டுப்பாட்டு அறை மேசைக்குப் போய்விட்டது.